வாரிசு எனப்படுபவர் யார்? மலாயாத் தமிழர் சொத்துக் கையளிப்பின் வரலாறு

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதியோர் அவர்தம் வருகையை விரிவாக எழுதியுள்ளனர். உழைப்பையும் ஊதியப் போராட்டங்களையும் தமிழ்ப்பள்ளிகளையும் எழுதியுள்ளனர். ஒருவர் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற பொருள் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்னும் வினா அவ்வெழுத்துகளில் அருகியே காணப்படுகிறது. தோட்டத் தொழிலாளியிடம் விட்டுச்செல்ல என்ன இருந்தது என்று கருதியமையும், செட்டியார்தம் சொத்து வணிக வரலாற்றுக்குரியது என்று ஒதுக்கியமையும் இதற்குக் காரணங்களாகலாம். ஆயினும் ஒரு சமூகத்தில் யார் குடும்பத்தினர், யார் அயலார் என்பது திருமண மேடையில் தெளிவாவதைவிட, இறப்புக்குப் பின் அரசு அலுவலக மேசையில்தான் தெளிவாகிறது. மேடையில் அனைவரும் உறவினர். மேசையில் சான்றிதழ் உள்ளவரே உறவினர்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் இதுவே. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்க் குடும்பம் தனக்குரியவர் எனக் கருதியவர்களும், அந்நிலத்துச் சட்டம் அவர்க்குரியவர் என ஏற்றவர்களும் ஒருவரல்லர். இவ்விரு பட்டியல்களுக்கும் இடைப்பட்ட வெளியில் விடுபட்டோர் பெரும்பாலும் முதிய பெற்றோர், பெண்மக்கள், வளர்ப்புப் பிள்ளைகள், கோயிலில் மட்டும் தாலி ஏற்ற மனைவியர் ஆகியோர். முஸ்லிம் தமிழரின் வாரிசுரிமை இசுலாமியச் சட்டத்தின்பாற் பட்டது. அது தனி ஆய்வுக்குரியதாதலின் இங்கு எடுத்துக்கொள்ளவில்லை.

பங்காளியும் உயிலும்

தமிழில் வாரிசுரிமை தொடர்பான பழஞ்சொற்களை நோக்கின் ஓருண்மை புலப்படும். பங்காளி, தாயாதி என்னும் சொற்கள் உயிரோடிருக்கும்போதே பங்குடையவரைக் குறிக்கின்றன. தென்னிந்தியாவில் பெரிதும் பின்பற்றப்பட்ட மிதாட்சர நெறியின்படி, மூதாதையர் சொத்தில் ஆண்மகனுக்குப் பிறப்பினாலேயே உரிமை உண்டு. தந்தை இறந்தால் சொத்து கைமாறுவதில்லை. பங்காளிகளுள் ஒருவர் குறைகிறார், அவ்வளவே. ஆதலின் மூதாதையர் சொத்தைத் தம் விருப்பப்படி இன்னாருக்கு என எழுதிவைக்கும் வழக்கத்திற்கு அங்கு இடமில்லை. 'உயில்' என்னும் சொல்லே ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம் என்பது ஈண்டு நினையத்தக்கது. இந்துக்களின் உயில்களுக்கெனத் தனிச்சட்டம் இந்தியாவில் 1870ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. அதுவும் நாடு முழுமைக்குமன்று.

இந்தியாவில் 1772ஆம் ஆண்டில் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டம், வாரிசுரிமையிலும் திருமணத்திலும் இந்துக்களுக்கு இந்து நெறியையும் முஸ்லிம்களுக்கு முஸ்லிம் நெறியையும் பின்பற்ற வழிசெய்தது. அதே கும்பினியின் ஆட்சியிலிருந்த பினாங்கில் நிலைமை வேறு. 1807ஆம் ஆண்டின் நீதிப் பட்டயம் ஆங்கிலச் சட்டத்தை அங்கு நிறுவியது. குடிமக்களின் சமயமும் வழக்கமும் இடந்தரும் அளவிற்கு அச்சட்டத்தைத் தளர்த்தலாம் என்னும் கருத்தும் அதில் இடம்பெற்றிருந்தது. எந்த அளவிற்கு என்பதை முடிவுசெய்யும் பொறுப்பு நீதிபதிகளைச் சார்ந்தது.

அவர்கள் வரைந்த எல்லையைச் சீனர் வழக்குகள் இரண்டு தெளிவாகக் காட்டும். பினாங்கைச் சேர்ந்த சீன மாது ஒருவர் தம் முன்னோர் வழிபாட்டுக்கென ஒரு வீட்டை என்றென்றைக்கும் ஒதுக்கி உயில் எழுதியிருந்தார். 1875இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் அவ்வேற்பாடு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. இறந்தோர்க்குச் செய்யும் வழிபாடு பொதுமக்களுக்குப் பயன்தரும் அறமன்று. அறமல்லாத ஒன்றுக்குச் சொத்தை என்றென்றைக்கும் கட்டிவைத்தலாகாது என்பது அதன் கருத்து. மற்றொன்று, சிங்கப்பூரில் 1908இல் முடிவான 'ஆறு கைம்பெண்டிர் வழக்கு'. பல மனைவியரை மணந்த சீன வணிகர் ஒருவரின் மனைவியர் அனைவரையும் மனைவியராக ஏற்ற நீதிமன்றம், 1670ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம் ஒரு மனைவிக்கென வகுத்த மூன்றில் ஒரு பங்கையே அவர்களுக்குப் பகிர்ந்தளித்தது. உறவை அறிவதற்குக் கீழையோர் வழக்கம். பங்கை அளப்பதற்கு ஆங்கிலேயரின் அளவுகோல். தமிழர் பலரின் வழக்கும் பின்னாளில் இக்கலவை நெறிக்குள்தான் வந்து சேர்ந்தது.

கிட்டங்கியில் வந்த தந்தி

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பினாங்குத் தெருவிலும், கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலும், சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் கிட்டங்கிகளை அமைத்து லேவாதேவி நடத்தினர். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். மேலாள் மூன்றாண்டுத் தவணையில் இங்கு வந்து கடை நடத்துவார். இருவரையும் இணைத்தது பதிலாள் அதிகாரப் பத்திரம் என்னும் 'பவர்'. கடன் கொடுக்கவும் நிலத்தை ஈடாக ஏற்கவும் வழக்குத் தொடுக்கவும் மேலாளுக்கு அது ஒன்றே அதிகாரம் தந்தது.

அப்பத்திரத்திற்கு ஒரு குறை உண்டு. அதை எழுதிக்கொடுத்தவர் இறந்த நொடியில் அதுவும் இறந்துபடும். காரைக்குடியிலிருந்தோ தேவகோட்டையிலிருந்தோ இறப்புத் தந்தி வந்து சேர்ந்த நாளில், நேற்றுவரை பல்லாயிரம் வெள்ளியைக் கையாண்ட மேலாள் சட்டத்தின் கண்ணில் அயலார் ஆகிவிடுகிறார். குடும்பத்தின் பார்வையில் எதுவும் மாறவில்லை. விலாசம் அதே விலாசம், பேரேடு அதே பேரேடு, பங்காளிகள் இருக்கின்றனர். நிலப் பதிவேட்டிலோ இருப்பது தனியொருவரின் பெயர். அவர் இறந்தமையால் அப்பெயரிலுள்ள நிலத்தையும் ஈட்டையும் விடுவிக்க உள்ளூர் நீதிமன்றத்தின் நிருவாக ஆணை வேண்டும். அதற்குமுன் மரண வரி கணக்கிடப்பட வேண்டும். கூட்டுக்குடும்பம் இறப்பதில்லை என்னும் நெறியில் வளர்ந்தோருக்கு, ஒவ்வொரு தலைமுறையிலும் இறப்பு வரி கேட்கும் ஆட்சி புரியாத புதிராகவே இருந்திருக்கும்.

ஈண்டு நுட்பமான செய்தி ஒன்றைச் சுட்டுதல் வேண்டும். ஆங்கிலச் சட்ட மரபில் அசையும் பொருளுக்கு இறந்தவரின் நிலையான தாயகத்துச் சட்டமும், அசையாப் பொருளுக்கு அது கிடக்கும் மண்ணின் சட்டமும் பொருந்தும். இன்றைய மலேசியப் பங்கீட்டுச் சட்டமும் இதையே கூறுகின்றது. கொடுத்த கடன் அசையும் பொருள். நிலம் அசையாப் பொருள். 1930களின் பெருமந்தத்தில் இரப்பரின் விலை சரிந்தபோது கடனைத் திருப்பித்தர இயலாதோரின் நிலங்கள் பல செட்டியார் கைக்கு வந்தன. பர்மாவில் இது இன்னும் பேரளவில் நிகழ்ந்தது. கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு விளைநிலம் அப்பத்தாண்டின் இறுதியில் அவர்கள் வசமாயிற்று. பொருளியல் வரலாற்றாசிரியர்கள் இதைக் கடன் நெருக்கடியாகவே விளக்குவர். நம் நோக்கில் இது வாரிசு நெருக்கடியுமாகும். கடனாக இருந்தவரை செட்டிநாட்டு நெறிப்படி ஆண்மக்களிடையே சென்றிருக்கக்கூடிய சொத்து, நிலமாக மாறிய அன்றே மலாயாச் சட்டத்தின் கீழ் வந்தது. அச்சட்டத்தில் கைம்பெண்ணுக்கு மூன்றில் ஒன்று. எஞ்சியது ஆண், பெண் வேறுபாடின்றி மக்கள் அனைவர்க்கும். சீரும் சீதனமும் கொடுத்து அனுப்பிய பின் மகளுக்குப் பிறந்தவீட்டுச் சொத்தில் தொடர்பில்லை என்று கருதிய குடும்பத்தில், இரப்பரின் விலைச்சரிவு மகளை வாரிசாக்கியது. ஏட்டளவிலான இவ்வுரிமையை எத்தனை மகளிர் கோரிப்பெற்றனர் என்பது வேறு வினா.

கூட்டுக்குடும்பம் என்னும் கருத்தைக் காலனிய நீதிமன்றங்கள் எவ்வாறு எதிர்கொண்டன என்பதற்கு, செட்டியார் வணிகம் பரவியிருந்த மற்றொரு நாடான இலங்கையில் எழுந்த அருணாசலம் செட்டியார் வழக்கு தலைசிறந்த சான்று. பிரிவினையாகாத குடும்பத்தில் மகன் 1934இல் இறந்தார். தந்தை 1938இல் இறந்தார். பிரிவினையாகாத இந்துக் குடும்பத்தின் பொதுச்சொத்திற்கு இலங்கை மரண வரிச் சட்டம் விலக்களித்திருந்தது. அரசுத் தரப்பின் வாதம் எளியது: மகன் இறந்தபின் ஆண்வழிப் பங்காளி தந்தை ஒருவரே, தனியொருவரிடம் இருப்பது குடும்பச் சொத்தாகாது. 1957இல் பிரிவிக் கவுன்சில் இவ்வாதத்தை ஏற்கவில்லை. வீட்டில் பராமரிப்புக்கு உரிய பெண்கள் இருந்தனர். கைம்பெண்கள் சுவீகாரத்தின்வழி ஒரு பிள்ளையைக் குடும்பத்திற்குள் கொணரவும் கூடும். ஆகவே குடும்பம் அழிந்துவிடவில்லை என்பது தீர்ப்பு. சொத்தில் பங்கு கேட்க இயலாத பெண்கள், தாங்கள் அவ்வீட்டில் இருந்தமையாலேயே குடும்பம் என்னும் சட்ட வடிவத்தைக் காத்து நின்றனர். தந்தை இறந்ததற்கும் இத்தீர்ப்புக்கும் இடையே 19 ஆண்டுகள் கழிந்தன.

லயத்தில் விட்டுச்சென்றவை

செட்டியாரின் கதை ஆவணம் நிறைந்த கதை. தோட்டத் தொழிலாளியின் கதையோ ஆவணமின்மையின் கதை. அவர் வாழ்ந்த லயத்து வீடு தோட்ட நிருவாகத்திற்குரியது. வேலை உள்ளவரை வீடு. 40 ஆண்டுகள் குடியிருந்து, வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்த்திருப்பினும், இறந்தபின் அவர்தம் பிள்ளைகளுக்கு அவ்வீட்டில் நீடிக்க ஒரே வழி, அவர்களும் பால்மரம் வெட்டுவதுதான். வாரிசுரிமையாக வந்தது வீடன்று. வேலையே எனில் தவறாகாது.

பொருளென இருந்தவை தங்கமும் மாடும் கூட்டுப் பணமும். நகை தாயிடமிருந்து மகளுக்கு, எழுத்து ஏதுமின்றிக் கைமாறியது. மாதந்தோறும் பணம் போட்டு ஏலத்திலோ குலுக்கலிலோ எடுக்கும் கூட்டு முறை, 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்படும்வரை வெளிப்படையாகவே நடந்தது. இடையில் ஒருவர் இறந்தால் அவர் போட்ட பணம் வீட்டாருக்குக் கிடைப்பதும் கிடைக்காததும் கூட்டுப் பிடித்தவரின் நாணயத்தைப் பொறுத்தது. பல இடங்களில் மரண சகாய நிதிகள் தோன்றின. இவை அடக்கச் செலவை ஏற்றன; வாரிசு யார் என்னும் வினாவுக்குள் புகவில்லை.

சப்பானியர் ஆட்சிக்காலம் இவ்வரலாற்றில் ஒரு கருந்துளை. 1942-45இல் சயாம்-பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டோருள் திரும்பாதவர்களின் இறப்பு முறையாகப் பதிவாகவில்லை. இறப்புச் சான்றிதழ் இல்லையெனில் சட்டப்படி இறப்பும் இல்லை. 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம், 7 ஆண்டுகள் செய்தியின்றிப் போனவரை இறந்தவராகக் கருதலாம் என்கிறது. சயாமிலிருந்து கணவர் திரும்பாத பெண்கள் அக்காலமெல்லாம் மனைவியாகவும் கைம்பெண்ணாகவும் இல்லாத ஒரு நிலையில் வாழ்ந்தனர். நாட்டார் பாடல்களில் இத்துயரைத் தேடிய ஆய்வாளர்கள், அதன் சட்டப் பக்கத்தையும் தேடுதல் நன்று.

தொழிலாளிக்கு எழுத்துவடிவில் ஒரு சொத்து முதன்முதலாகப் பரவலாக வாய்த்தது 1951ஆம் ஆண்டின் ஊழியர் சேமநிதிச் சட்டத்தினால்தான். தொடக்கத்தில் தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் 5 விழுக்காடு. முதலாளியின் பங்கும் அவ்வளவே. பால்மரம் வெட்டியவரின் பெயரில் ஒரு கணக்கு எண் தோன்றியது. அதனுடன் ஒரு படிவமும் வந்தது: நீர் இறந்தால் இப்பணம் யாருக்கு? மலாயாத் தமிழ்த் தொழிலாளியிடம் இவ்வினாவை அரசு எழுத்துமூலம் கேட்டது அநேகமாக அதுவே முதன்முறை.

பல தோட்டங்களில் அப்படிவத்தை நிரப்பியவர் கிராணியார் அல்லது தமிழ்ப்பள்ளி ஆசிரியர். ஊருக்குக் கடிதம் எழுதியவர், மணியார்டர் நிரப்பியவர், பெயர்ப்பதிவுக்கு வழிகாட்டியவர் என்னும் வரிசையில் ஆசிரியர் இப்பணியையும் ஏற்றார். அவர் கேட்டு எழுதிய பெயரின் எழுத்துக்கூட்டலே குடும்பத்தின் தலையெழுத்தாயிற்று. பிறப்புப் பத்திரத்தில் ஒரு வடிவம், அடையாள அட்டையில் மற்றொரு வடிவம், சேமநிதிப் படிவத்தில் மூன்றாம் வடிவம் எனப் பச்சையம்மாள் மூவரானார். மூவரும் ஒருவரே எனச் சத்தியப் பிரமாணம் செய்து நிறுவும் சுமை அவர்தம் பேரப்பிள்ளைகள்வரை நீண்டது. தமிழ் எழுத்துகளை ஆங்கிலத்தில் பெயர்த்தெழுதும் முறையில் ஒழுங்கு வேண்டும் என்று நம் துறையினர் கருத்தரங்குதோறும் வலியுறுத்துவதை வெறும் மொழித்தூய்மை என்று எண்ணுவோர் இதையும் கருத்திற் கொள்ளலாம்.

1950களில் ஆங்கிலேய நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கின. வேலையே வீட்டின் உரிமைப் பத்திரமாக இருந்த நிலையில், தோட்டம் துண்டாடப்பட்டபோது வேலையும் வீடும் ஒருங்கே போயின. இதற்கு மாற்றாக வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் மாதத் தவணையாகச் செலுத்தி 100 வெள்ளிப் பங்கை வாங்கினர். கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலாவதாக வாங்கப்பட்டது. இதன் அரசியல், பொருளியல் சிறப்புகள் பலராலும் பேசப்பட்டுள்ளன. நாம் சுட்ட விழைவது வேறு: லயத்தில் பிறந்து லயத்தில் இறப்பவர் தம் பிள்ளைகளுக்கு நிலத்தொடர்புடைய பங்கு ஒன்றை விட்டுச்செல்லும் வாய்ப்பு அப்போதுதான் உருவாயிற்று.

1958ஆம் ஆண்டுச் சட்டமும் விடுபட்டோரும்

உயில் எழுதாமல் இறந்த முஸ்லிம் அல்லாதாரின் சொத்தைப் பகிரும் நெறியை, 1929ஆம் ஆண்டின் கூட்டரசு மலாய் மாநிலச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் வகுத்தது. அச்சட்டம் 1997வரை இருந்த வடிவில் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கண்ணோட்டமிட்டால் வியப்பே மிஞ்சும்.

கணவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மக்களுக்கு மூன்றில் இரண்டு. மனைவி இறந்தாலோ அவர் பெயரிலுள்ள அனைத்தும் கணவருக்கே, மக்களுக்கு ஒன்றுமில்லை. பெண்ணின் சீதனம் பெண்வழிச் செல்ல வேண்டும் என்பது தமிழ் வழக்கம். மிதாட்சரமும் அவ்வகைப் பொருளில் மகளுக்கே முன்னுரிமை தரும். பெண்ணுக்குச் சொத்துரிமை மறுத்ததாக நாம் குறைகூறும் பழைய நெறி மகளுக்குத் தந்த ஒன்றை, நவீனச் சட்டம் கணவரிடம் கொடுத்தது. தாயின் தாலிக்கொடியும் அட்டிகையும் நடைமுறையில் மகளுக்கே சென்றிருக்கலாம். தாயின் பெயரில் வாங்கிய மனையும் வங்கிப் பணமும் அவ்வாறு செல்லவில்லை. தந்தை மறுமணம் செய்துகொண்ட வீடுகளில் முதல் தாரத்தின் பிள்ளைகள் இதன் விளைவை நன்கறிவர்.

பெற்றோர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. மகனுக்கு ஒரு பிள்ளை இருந்தாலும் போதும், அவனைப் பெற்றவர்க்குப் பங்கு ஏதும் இல்லை. முதுமையில் மகன்வீட்டில் இருப்பதே முறை என்று கருதித் தம் சேமிப்பையெல்லாம் மகன் பெயரில் வீடு வாங்கச் செலவிட்ட தாய், மகன் திடீரென இறந்தால் அவ்வீட்டில் சட்டப்படி விருந்தினரே. 1971இல் வந்த குடும்பப் பராமரிப்புச் சட்டம், வாழ்க்கைத்துணை, மணமாகாத மகள், வயது வராத மகன், இயலாமையுடைய மக்கள் ஆகியோர் இறந்தவரின் சொத்திலிருந்து பராமரிப்புக் கோரலாம் என்றது. பெற்றோரை அப்பட்டியலிலும் சேர்க்கவில்லை. 1997ஆம் ஆண்டுத் திருத்தமே, அவ்வாண்டு ஆகஸ்டு 31 முதல், இதை மாற்றியது. கணவன், மனைவி வேறுபாடு நீங்கியது. துணைக்குக் கால்பங்கு, மக்களுக்கு அரைப்பங்கு, பெற்றோருக்குக் கால்பங்கு எனப் பிரிவினை அமைந்தது. மேலைச் சட்ட மரபிலிருந்து விலகி ஆசியக் குடும்ப அமைப்பை நோக்கிச் சட்டம் எடுத்து வைத்த இவ்வடியை நம் வரலாற்று நூல்கள் உரிய அளவில் பதிவுசெய்யவில்லை என்பது நம் கருத்து.

வளர்ப்புப் பிள்ளைகளுக்கு அத்தகைய விடிவு வரவில்லை. தோட்டப்புறத்தில் அக்காள் பிள்ளையைத் தங்கை வளர்ப்பதும், பிள்ளையில்லாதார் அண்டைவீட்டுப் பிள்ளையைத் தம் பிள்ளையாகவே வளர்ப்பதும் இயல்பான நிகழ்ச்சிகள். பெயர் சூட்டி, காது குத்தி, ஊரறிய வளர்த்தால் அது பிள்ளையே. பங்கீட்டுச் சட்டமோ 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின்படி நீதிமன்ற ஆணை பெற்ற பிள்ளையை மட்டுமே பிள்ளை எனக் கொள்ளும். அதே ஆண்டில் இயற்றப்பட்ட தத்துப் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிந்து சான்றிதழ் வைத்திருப்பினும் வாரிசுரிமை இல்லை. இரு சட்டங்களின் பெயரும் ஏறத்தாழ ஒன்றே, படித்தவர்களும் மயங்குவர். அச்சான்றிதழை 30 ஆண்டுகள் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்து, கொள்ளி வைத்த பின் நிலஅலுவலகத்திற்குச் சென்று, தாம் வாரிசல்லர் என்பதை அறிந்துகொள்வோர் உளர். உயில் ஒன்றில் அப்பிள்ளையின் பெயரை எழுதியிருந்தால் இச்சிக்கலே எழாது.

மனைவியின் வழக்கு இன்னும் கூர்மையானது. 1982 மார்ச் 1ஆம் நாளுக்குமுன் இந்து முறைப்படி நடந்த திருமணங்கள் பதிவின்றியே செல்லும். அன்று நடைமுறைக்கு வந்த 1976ஆம் ஆண்டுத் திருமணச் சீர்திருத்தச் சட்டம் அவற்றைப் பதிவானவையாகவே கருதியது. ஆடவர் பல மனைவியரை மணப்பதும் அத்துடன் முடிவுக்கு வந்தது. அதற்குமுன் ஊரில் ஒரு மனைவியும் தோட்டத்தில் ஒரு மனைவியுமாக வாழ்ந்தவர் இறந்தால், பழைய ஆறு கைம்பெண்டிர் வழக்கின் நெறிப்படி இருவரும் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்ள வேண்டியவரே. புதிய சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியது. கோயில்களில் துணைப் பதிவாளர்களையும் நியமிக்க வழிசெய்தது. ஆயினும் வறியோர் பலர், அடையாள அட்டைச் சிக்கலுள்ளோர் பலர், தாலியே போதுமென்று நின்றுவிட்டனர். பதிவின்மை ஒன்றினாலேயே திருமணம் செல்லாததாகிவிடாது என்னும் பொருள்படும் 34ஆம் பிரிவும் அச்சட்டத்திலேயே உள்ளது. அதை எவ்வாறு பொருள்கொள்வது என்பதில் உயர்நீதிமன்ற நீதிபதிகள் மாறுபட்டனர். 1997இல் இந்துக் கைம்பெண் ஒருவரின் வழக்கில், பதிவில்லா மணமும் மணமே என ஏற்கப்பட்டது. 2000இல் சீன வழக்கமுறை மணம் தொடர்பான வழக்கில் அதற்கு மாறான கருத்து வெளிப்பட்டது. நீதிபதிகளே இருவேறாகப் படித்த ஒரு பிரிவை நம்பி ஒரு பெண் தன் முதுமையை அமைத்துக்கொள்ள இயலாது. கோயில் நிருவாகங்களும் திருமண மண்டபங்களும் பதிவுச் சான்றைப் பார்த்தபின்னரே நாள் ஒதுக்குதல் வேண்டும் என்பார் கூற்றை நாமும் வழிமொழிகிறோம்.

எழுதப்படாத உயில்

1959ஆம் ஆண்டு உயில்கள் சட்டம் கேட்பவை சிலவே. எழுதுபவர் 18 அகவை நிரம்பியவராக இருத்தல் வேண்டும். எழுத்தில் இருத்தல் வேண்டும். ஒரே வேளையில் உடனிருக்கும் சாட்சிகள் இருவர் கையொப்பமிடல் வேண்டும். அச்சாட்சிகளோ அவர்தம் துணைவரோ உயிலால் பயன்பெறுபவராக இருத்தலாகாது. தமிழில் எழுதினாலும் செல்லும். இத்துணை எளிதாயினும் நம்மவர் எழுதத் தயங்குவதற்கு அறியாமையை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. உயில் பேச்செடுப்பது சாவை அழைப்பது என்னும் அச்சம் ஒருபுறம்; பிறப்பினாலேயே பங்கு உண்டு, அதை எழுதுவானேன் என்னும் பழைய பங்காளி மனம் மறுபுறம். இரண்டாவதே ஆழமானது. மிதாட்சரம் என்னும் சொல்லைக் கேட்டறியாதவரும் அதன் நெறியிலேயே சிந்திக்கின்றனர்.

இதன் விளைவை நிலஅலுவலகங்களில் காணலாம். சிறுசொத்துகளை நீதிமன்றம் செல்லாமல் அங்கேயே விசாரித்துப் பகிர 1955ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. அதன் மதிப்பு வரம்பும் காலந்தோறும் உயர்த்தப்பட்டுள்ளது. எனினும் தாத்தா பெயரிலேயே நிற்கும் மனைகள் பல. தந்தையும் இறந்து, சித்தப்பாவும் இறந்து, மூன்றாம் தலைமுறையில் ஒருவர் முயலும்போது பங்குடையோர் இருபதின்மர், முப்பதின்மர் ஆகிவிடுவர். அவருள் சிலர் தமிழ்நாட்டில் இருப்பர். சிலர் இருக்கின்றனரா என்பதே தெரியாது. 1991 நவம்பர் 1 முதல் மலேசியாவிலும், 2008 பிப்ரவரி 15 முதல் சிங்கப்பூரிலும் மரண வரி நீக்கப்பட்டுவிட்டது. வரிக்கு அஞ்சிக் காலந்தாழ்த்தினர் என்று இனிக் கூற இடமில்லை.

சேமநிதிப் படிவத்தையும் உயிலையும் ஒன்றெனக் கருதுவோர்க்கு ஒரு செய்தி. மலேசியாவில் திருமணம் செய்துகொண்டால் அதற்குமுன் எழுதிய உயில் செல்லாததாகிவிடும். சேமநிதியில் குறித்த பெயரோ திருமணத்தால் மாறாது. இருபது வயதில் தாயின் பெயரைக் குறித்தவர் அதை மாற்றாது ஐம்பதில் இறந்தால், தாய் உயிருடனிருப்பின் பணம் அவருக்கே. சிங்கப்பூர் மத்திய சேமநிதியில் திருமணம் அக்குறிப்பையும் நீக்கிவிடுகிறது. மாமியார், மருமகள் பிணக்குகள் பலவற்றின் வேர் இப்படிவத்தில் உள்ளது என்று கூறின் நகைப்பிற்கிடமாகலாம். ஆயினும் அது நகைப்பிற்குரியதன்று.

இறப்புக்கு முற்பட்ட முதுமையும் இன்று இவ்வினாவுக்குள் வந்துவிட்டது. செட்டியாரின் பவர் முதலாளியின் இறப்போடு முடிந்தது. மலேசியாவின் 1949ஆம் ஆண்டு அதிகாரப் பத்திரச் சட்டத்தின்கீழ் எழுதும் சாதாரணப் பத்திரமோ எழுதியவர் மனநலம் இழந்தாலும் முடிந்துவிடும். மறதிநோய்க்கு அஞ்சி மகளுக்குப் பவர் எழுதித்தரும் தாய்க்கு, எதற்கு அஞ்சினாரோ அது வந்த நாளில் அப்பத்திரம் பயன்படாது. மனநலச் சட்டத்தின்படி நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும். சிங்கப்பூர் 2008இல் இயற்றிய மனத்திறன் சட்டத்தின்வழி, 2010 முதல் நீடித்த அதிகாரப் பத்திரம் எழுத வழிசெய்தது. பெற்றோரைப் பேணாத பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரும் சட்டத்தையும் 1995லேயே அது இயற்றியிருந்தது.

எனினும் அதே சிங்கப்பூரில் 1967ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின்படி, இறந்தவருக்கு மனைவியும் மக்களும் இருப்பின் பெற்றோருக்குப் பங்கில்லை. ஜோகூர் பாருவில் தாயை வைத்துக்கொண்டு, சிங்கப்பூரில் வேலைசெய்து, அங்கு ஒரு வீடும் இங்கு ஒரு வீடும் வாங்கியிருக்கும் தமிழரை எண்ணிப் பார்ப்போம். அவர் உயிலின்றி இறந்தால் ஜோகூர் வீட்டில் அவர் பங்கின் கால்பகுதி தாய்க்குரியது. அவ்வீடு கணவன் மனைவி இருவர் பெயரில் இருந்தாலும் அவர் பாதி தனியே நிற்கும்; மலேசிய நிலச்சட்டத்தில் உயிரோடிருப்பவருக்கே முழுதும் சேரும் கூட்டுரிமை இல்லை. சிங்கப்பூர் வீடு அத்தகைய கூட்டுரிமையாகப் பதிவாகியிருந்தால் முழுவதும் மனைவிக்கு. இல்லையெனில் மனைவிக்குப் பாதி, மக்களுக்குப் பாதி. தாய்க்கு அதில் ஒன்றுமில்லை. மத்திய சேமநிதிப் பணம் திருமணத்திற்குப் பின் அவர் எவர் பெயரைக் குறித்தாரோ அவருக்கு. வங்கியிலுள்ள பணம் எச்சட்டத்தின்படி பிரியும் என்பதற்கு, அவரது நிலையான தாயகம் நீரிணையின் எப்பக்கத்தில் இருந்தது என்பதை முதலில் நிறுவுதல் வேண்டும்.